பக்கத்து இருக்கையின் எடை

தராசு எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் யோசிக்காமல் ஷெட்டைக் காட்டிவிடுவார்கள். பழைய கார்களைப் பிரித்து, திரும்பப் பூட்டி, புதிதாக இருந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓட வைப்பது அவருடைய தொழில். எதையும் நிறுத்துப் பார்க்காமல் பூட்ட மாட்டார் என்பதால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஓர் எஞ்சினின் பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, எது லேசோ அதன் அளவுக்கு மற்றவற்றை உட்புறம் சுரண்டிக் கொண்டுவருவார். கல்யாணமான புதிதில் இதே மனிதர் சமையலறைக்குள் போய், உப்பையும் நிறுத்துப் போட்டால் என்ன என்று யோசனை சொல்லி மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கண்ணு சொல்றத வெச்சு நான் ஒரு நட்டுகூட முறுக்க மாட்டேன். முள்ளு சொல்லட்டும்" என்பார். தராசின் முள்மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவரைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்தியது.

ஷெட்டின் மூலையில் அவருடைய சொந்தக் கார் நின்றது. இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, பக்கத்தில் நின்றால் இடுப்புக்குக்கூட வராத உயரம். இளவயதில் அதை ஓட்டை உடைசலாக வாங்கிச் சரிசெய்து மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டினார். அப்போதெல்லாம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரலாம் என்று விதி இருந்தது. உட்கார்ந்தது மனைவி. சும்மா காற்று வாங்குகிற வேலை இல்லை அது. வளைவு வரும்போது உடம்பை உள்பக்கம் சாய்த்து, தூக்கப் பார்க்கிற சக்கரத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். "ஜெயிக்கிறது நான், பேரு வாங்குறது நீங்க" என்று அவள் சொல்லிக் காட்டாத நாளில்லை.

ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அவளையும் நிறுத்துக்கொள்வார். அந்த எடையையும் சேர்த்தால்தான் வண்டியின் நான்கு மூலைகளையும் சமன்படுத்த முடியும். எடை கூடியிருந்தால் வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது இருவருக்குள் ஒப்பந்தம். அவர் கடைசிவரை அதை மீறவில்லை.

பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாளுக்கு நாள் கரைந்து, துணி மூட்டை அளவுக்குச் சுருங்கிப் போய்ச் சேர்ந்தாள். தராசு காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். வேலைக்குக் குறைவில்லை, மகள் கூடவே இருந்தாள், சாப்பாடு நேரத்துக்கு வந்தது. இருந்தும் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு சாயங்காலப் பொழுது, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும் என்று கிடந்து தவித்தார். இந்த வயதில் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை.

தார்ப்பாயை இழுத்துப் போட்டது மகள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். பிடிவாதத்தில் அம்மாவை உரித்துவைத்திருந்தாள்.

"அப்பா, இந்தத் தடவை மலைப் பந்தயத்துல நான் ஓட்டப் போறேன். நம்ம கார்ல."

"அது கிழட்டு வண்டி பாப்பா."

"கிழட்டு வண்டிய ஓட வைக்கிறதுதானே உங்க வேலை? அடுத்தவன் காருக்குன்னா கை ஓடுது, வீட்டுக் காருன்னா மட்டும் வலிக்குதா?"

தராசு தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தார். மறுநாளே எஞ்சினை இறக்கிவிட்டார். துணைக்கு மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. கார்களுக்கு வயரிங் செய்கிறவன். வாய் ஓயாது, கையும் ஓயாது.

வேலை மளமளவென்று நடந்தது. சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தினார்கள். சிலிண்டர்களை மூடுகிற ஹெட்டின் அடிப்பக்கத்தை மெல்லியதாகச் சீவி எடுத்தார்கள். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைத்திருக்கிற கேம்ஷாஃப்ட் வந்தது. பழைய கார்புரேட்டர் போய், அதைவிட வாய் பெரிதாக இரண்டு வந்தன. ஃப்ளைவீல் என்கிற கனத்த சுழல்சக்கரத்தை லேத்தில் ஏற்றிப் பாதியாக இளைக்க வைத்தார்கள். புது எக்ஸாஸ்ட் குழாயை மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து திட்டினார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான் மச்சினன்.

எஞ்சினுக்கு வலு ஏற்றுவது பாதி வேலை. மீதிப் பாதி, வண்டியிலிருந்து கனத்தை இறக்குவது. பம்பர், தரை விரிப்பு, முன்கண்ணாடி எல்லாம் போயிற்று. பக்கத்து இருக்கையையும் கழற்றினார்கள். இப்போதைய விதிப்படி ஓட்டுகிறவர் மட்டும்தான் போக முடியும், இருக்கை எதற்கு? தராசு நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, இருக்கையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வண்டியை எடை போட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு மேடைத் தராசு. ஓட்டுகிறவர் இருக்கையில் மகளின் எடைக்குச் சமமாக மணல் மூட்டை. நல்ல வெயில் வேளை, ஷெட்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. தராசு குனிந்து நான்கு முட்களையும் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

இருக்கையைக் கழற்றிய பக்கம் எடை குறையவில்லை. கூடியிருந்தது.

"தராசு தண்ணி போட்டிருக்கு அத்தான்" என்றான் மச்சினன்.

அந்தப் பக்கத்துத் தராசுகளை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்தவற்றை அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டார்கள். அதே எடை. தரை சாய்ந்திருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. வண்டியை முன்பின்னாகத் திருப்பி நிறுத்தினார்கள், மூக்கு இருந்த இடத்தில் வால். கூடுதல் எடை வண்டியோடு சேர்ந்து திரும்பி, அதே காலி இடத்துக்கு அடியில் நின்றது. அந்தப் பக்கத்து டயர்களின் அடிப்பகுதி மட்டும் ஆள் ஏறினால் பிதுங்குவதுபோலப் பிதுங்கியிருந்தது.

மச்சினன் அதைக் கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வேடிக்கை பேசவில்லை.

தராசு மனதுக்குள் கணக்குப் போட்டார். இருக்கவேண்டிய எடையைக் கழித்தார். மீதி வந்ததை நம்பாமல் இன்னொரு தடவை கழித்துப் பார்த்தார். அந்த எடை அவருக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தபோது இருந்த எடை இல்லை அது. அதற்கு முன்பு, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், பந்தயத்துக்குப் பந்தயம் அவர் நிறுத்துப் பார்த்து, வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்ட எடை.

அந்த நேரம் பார்த்து மகள் சாப்பாட்டுத் தூக்கோடு ஷெட்டுக்குள் வந்தாள். நான்கு முட்களும் லேசாக ஆடின. எட்டிப் பார்ப்பதற்காக யாரோ வண்டிக்குள் வாசல் பக்கமாகச் சாய்ந்ததுபோல் ஆடி, மறுபடி நின்றன.

"என்னப்பா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பசி" என்றார் தராசு.

வேறொருவராக இருந்தால் கண்ணை நம்பியிருப்பார். காலி இடத்தைக் காலி இடம் என்றே வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவள் ஒருத்திக்கு மட்டும் வண்டியைச் சமன் செய்திருப்பார். முள் சொன்னதை நம்பப் பயந்து, இவரும் முதலில் அப்படித்தான் செய்தார். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகி, எந்தச் சக்கரம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று மாற்றிவிடலாம். அப்படி மாற்றிய வண்டியை மகள் வெளிச்சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் புடிச்சா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுதுப்பா. பள்ளத்துல எறங்கியிருப்பேன்."

ஆக, முள் பொய் சொல்லவில்லை. தராசு எல்லா வளையங்களையும் திரும்பத் திருகினார். இம்முறை முள் காட்டியதை அப்படியே ஏற்றுக்கொண்டு, இரண்டு பேர் உட்காருகிற வண்டியாகச் சமன் செய்தார். மகள் மறுபடியும் ஓட்டிவிட்டு வந்தாள்.

"சும்மா தண்டவாளத்துல போற மாதிரி போகுது! ஒண்ணே ஒண்ணுதான் புரியல. கண்ணாடி எடுத்தாச்சுல்ல, காத்து மூஞ்சில அறையுது. ஆனா அந்தக் காலி சீட்டுப் பக்கம் மட்டும் காத்தே வரலப்பா. யாராவது மறைச்சுட்டு உக்காந்திருந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கு." அவளுடைய தலைமுடி ஒரு பக்கம் கலைந்து பறந்திருந்தது. மறுபக்கம் வாரிவிட்டதுபோல் படிந்திருந்தது.

அவள் வீட்டுக்குப் போனதும் மச்சினன் கதவைச் சாத்தினான்.

"அத்தான், ஒளிக்காம சொல்லுங்க. அக்காவா?"

"எடை அவளோடதுதான்."

"அது இருக்கட்டும். ரெண்டு பேருக்கு செட் பண்ணி வெச்சிருக்கீங்க. மலைல போற நேரத்துல அக்கா எறங்கிட்டா?"

தராசுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அவர் நெஞ்சுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதையின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குச் சமன் செய்த வண்டியில் ஒருத்தி மட்டும் அங்கே போய் பிரேக்கை மிதித்தால், வண்டி அந்த ஒன்றுமில்லாத பக்கமாகத்தான் போகும்.

"எறங்க மாட்டா. பெத்த பொண்ணு ஓட்டுற வண்டி."

"பந்தயமே வேணாம்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்களேன்."

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவும் வேண்டும். அப்பன் சொன்னால் அந்தப் பெண் முரண்டு பிடித்தாலும் கடைசியில் கேட்டிருப்பாள். ஆனால் பந்தயம் இல்லையென்றால் வண்டி மறுபடி தார்ப்பாய்க்கு அடியில் போகும். வண்டி போனால் அதோடு மனைவியும் போய்விடுவாளோ என்று தராசு பயந்தார். மகளைவிட அந்த எடை பெரிதாகிவிட்டது அவருக்கு. மகள் வேலைக்குப் போனதும் வண்டியைத் தராசுகளின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சில சமயம் பேசுவார். முள் சில சமயம் அசையும். வாடிக்கையாளர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பந்தயத்தன்று வானம் தெளிவாக இருந்தது. மலையடிவாரத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்று உறுமின. தராசு தன் வேனில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மகள் தலைக்கவசம் மாட்டி உட்கார்ந்ததும், அவர் நான்கு டயர்களையும் குனிந்து பார்த்தார். காலிப் பக்கத்து டயர்கள் பிதுங்கியிருந்தன. அவருக்கு மூச்சு வந்தது. இருக்கிறாள்.

"அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க."

"போய்ட்டு வா பாப்பா. வளைவுல அவசரப்படாத."

பிறகு அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து, காலி இடத்தின் மேல் குனிந்தார். மகளுக்கு எஞ்சின் சத்தத்தில் கேட்காது. எதற்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஆற்றாமைதான், வேறென்ன? இத்தனை நாளும் முள்ளின் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், வாய்விட்டுக் குறைபட்டுக்கொண்டார்.

"நீ பாப்பாகூடவே இரு. எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

கொடி இறங்கியது. கார் பாய்ந்தது. பாய்ந்த அந்தக் கணத்தில் காலிப் பக்கம் மேலே எழும்பியதை அவர் பார்த்தார். புறப்படும் வேகத்தில் எழும்பியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓரத்தில் நிறுத்தியிருந்த வேனில் போய் ஏறினார். உச்சியில் முடிகிற நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்.

கதவைச் சாத்தினார். பக்கத்து இருக்கை கிறீச்சிட்டுத் தாழ்ந்தது.

ரெக்சின் உறையில் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி விழுந்தது. வேன் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருந்த காற்று நின்றது. தராசு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அவர் தோளோடு தோள் ஒட்டினாற்போல் ஒரு குளிர்ச்சி வந்து நின்றது. எத்தனை வருஷத்துத் தவிப்பு! சந்தோஷத்தில் அவர் அந்தப் பக்கமாகச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "வந்துட்டியா" என்றார். வேறு எதுவும் அந்தச் சமயத்தில் அவர் நினைவில் இல்லை. இதைச் சொல்லாமல் மறைப்பதில் பயனில்லை, மகள்கூட நினைவில் இல்லை.

மலையிலிருந்து எஞ்சின் சத்தம் இறங்கி வந்தது. அவரே கேம்ஷாஃப்ட் மாற்றிய எஞ்சின், எந்தக் கியரில் போகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு. மூன்று. நீண்ட மேடு. மேடு முடிந்தால் வளைவு.

அப்போதுதான் அவருக்கு மகள் நினைவு வந்தது.

"எறங்கு" என்றார். "தாயே, எறங்கு. வண்டி உன்ன வெச்சுத்தான் செட் பண்ணியிருக்கு. பாப்பா தனியா போறா."

இருக்கை அசையவில்லை. குளிர்ச்சி இன்னும் நெருங்கி வந்தது.

"நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். கைகூப்பிக் கேக்கறேன், போ."

அசையவில்லை. அவளுக்கு அவர் மனம் தெரியும். வாயால் போ என்றாலும் உள்ளே இரு இரு என்று அடித்துக்கொண்டிருந்தது. கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் அதை எப்படி மறைப்பது? மேலே எஞ்சின் நான்காவது கியருக்குப் போயிற்று.

தராசு அப்போது திரும்பினார். அந்தக் குழி விழுந்த உறையை நேருக்கு நேர் பார்த்து, வாழ்நாளில் அவளிடம் பேசாத குரலில் கத்தினார்.

"உன்ன யாரு கூப்பிட்டா? செத்தவ செத்தவளா இருக்க வேண்டியதுதானே! எனக்கு நீ வேணாம். உன்ன நெனச்சு நெனச்சு நான் வீணாப் போனது போதும். போய்த் தொலை!"

வேனுக்கு வெளியே நின்ற மச்சினன் பதறித் திரும்பினான்.

ரெக்சின் மெதுவாக எழும்பியது. மிக மெதுவாக, கோபித்துக்கொண்டு எழுந்திருக்கிறவள் எப்படி எழுந்திருப்பாளோ அப்படி. குழி நிரம்பி உறை மட்டமானது. ஜன்னல் காற்று மறுபடி உள்ளே வந்தது.

மேலே பிரேக் கிறீச்சிட்டது. எஞ்சின் சத்தம் அறுந்தது. அடிவாரத்தில் இருந்த எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். தராசு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது, சீராக மேலே ஏறியது. ஒலிபெருக்கியில் மகளின் வண்டி எண்ணைச் சொல்லி, நேரத்தைச் சொன்னார்கள். நல்ல நேரம்தான். அவர் காதில் அது விழவில்லை.

மகள் கீழே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"வளைவுல வால் தூக்கிடுச்சுப்பா. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். திடீர்னு அந்தப் பக்கம் யாரோ தொம்முனு உக்காந்த மாதிரி வண்டி தரையப் புடிச்சுக்கிச்சு. ஸ்பிரிங்குல அப்படி என்னதான் வித்தை பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏம்ப்பா அழறீங்க? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலைல்ல, அது போதும்" என்றார்.

ஊர் திரும்பியதும் வண்டியை எடை போட்டார்கள். நான்கு தராசு, மணல் மூட்டை, திறந்த கதவு. மச்சினன் குனிந்து ஒவ்வொரு முள்ளாகப் பார்த்துக்கொண்டு சுற்றிவந்தான். இரண்டாவது தடவையும் சுற்றினான்.

"கழட்டின எடை எல்லாம் குறைஞ்சிருக்கு அத்தான். எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கு" என்றான், தாழ்ந்த குரலில்.

தராசு காலி இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். முள் அசையவில்லை. கோபித்துக்கொண்டு போனவளைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் நிறைய இருந்தன, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அவர் தரையில் உட்கார்ந்து, ஸ்பானரை எடுத்து, வண்டியை ஓர் ஆளுக்குச் சமன்படுத்த ஆரம்பித்தார்.